விரலில் நில்லாத மை

திருமணத் தயாரிப்புப் பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்த பின்னர், இளைஞர் ஒருவர் நம் அறை வாயிலில் தயங்கி நின்றார். கடைசல் பட்டறையில் வேலை செய்பவர். சுழலும் எந்திரத்தில் மோதிரம் சிக்கினால் விரலே போய்விடும் என்பதால், பட்டறைக்குள் மோதிரம் அணிய விடமாட்டார்கள். "கோயில்ல போட்ட மோதிரத்தை மறுவாரமே கழட்டி வைக்கணும் சாமி. அதுக்குப் பதிலா அவ பேரை விரல்லயே பச்சை குத்திக்கிட்டா பாவமா?" என்று கேட்டார்.

பாவமில்லை என்றோம். லேவியர் நூல் 19-ஆம் அதிகாரம் உடலில் குறி பொறிப்பதைத் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்தே அது அங்குத் தடுக்கப்படுகிறது. பச்சை குத்துதலைத் திருச்சபை பொதுவாக விலக்கியதில்லை. மந்திரித்த மோதிரத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள், ஊசி புதியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். கேள்வி அத்துடன் முடிந்தது என்றே எண்ணினோம்.

எட்டு மாதம் கழித்து அவருடைய மனைவி வந்தார். கணவரின் விரலில் இருந்த அவர் பெயர் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. அதைப் பார்த்த மாமியார், "பேரே நிக்கலையே, பொழப்பு எங்க நிக்கப் போகுது?" என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். அந்தச் சொல் இளம்பெண்ணின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. (இதை எழுத இருவருமே இசைவு தந்துள்ளனர்.)

நாம் முதலில் சிரித்துவிட்டோம். அது தவறு. பிறகு நமக்குத் தெரிந்த தோலின் இயல்பை விளக்கினோம். மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பது. அங்குத் தங்கும் மை தோலோடு சேர்ந்து போய்விடும். அதற்குக் கீழே, உள்தோலில் இறங்கிய மைதான் நிற்கும். அங்கேயும் அது சும்மா கிடப்பதில்லை. அந்நியப் பொருளை விழுங்கும் உயிரணுக்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை மடியும்போது மை வெளிப்படுகிறது, அடுத்து வரும் உயிரணுக்கள் அதை மீண்டும் விழுங்குகின்றன. பிரான்சு நாட்டு மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளிடம் இதைக் கண்டறிந்தனர். அழியாதது என்று நாம் சொல்லும் பச்சையே இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் நிற்கிறது.

விரலில் இது கடினம். உள்ளங்கையிலும் விரலின் பக்கங்களிலும் மேல்தோல் தடித்தது, ஊசி போதிய ஆழம் இறங்காது. மூட்டின் மேலோ தோல் மெல்லியது. சற்று ஆழமாகிவிட்டால் மை பரவிக் கசிந்துவிடும். போதாததற்குக் கை ஓயாமல் மடங்குகிறது, கழுவப்படுகிறது, உராய்கிறது. விரலின் மேற்புறத்தில், இரு மூட்டுக்கு நடுவில், தடித்த கோட்டில், கரிய மையில் குத்தினால் ஓரளவு நிற்கும். ஆறும்வரை சில வாரம் ஊறவிடாமலும் வெயில் படாமலும் காக்க வேண்டும். அப்படியும் மறுமுறை குத்த வேண்டிவரும். இவரோ நுண்ணிய எழுத்துகளை விரலைச் சுற்றி மோதிரம்போல் எழுதச் சொல்லியிருக்கிறார். நிற்காது என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியும் கேட்கவில்லை. பட்டறையின் எண்ணெயும் சோப்பும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி சாமி. ஆனா அவர் முன்கையில படிக்கிறப்போ குத்தின கபடி டீம் பேரு மட்டும் அப்படியே இருக்கு. அந்த டீமே இப்ப இல்லை."

நமக்கு மறுமொழி வரவில்லை. கலைந்துபோன அணியின் பெயர் நிற்கிறது, கட்டிய மனைவியின் பெயர் நிற்கவில்லை. மை நிற்பதற்கும் அன்பு நிற்பதற்கும் தொடர்பில்லை என்று இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்? ஆனாலும் அவருடைய துயரம் அத்தெளிவால் ஆறுவதாக இல்லை.

கையில் அழியாத குறி வேண்டும் என்று வரலாற்றில் மிகவும் விரும்பியவர் யார் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். பழைய உரோமை அரசில் படைவீரர் கைகளில் குறி குத்தப்பட்டது. 6-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஏத்தியுஸ் அதற்கான மையின் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார்: பைன் மரப்பட்டை, களிம்பேறிய வெண்கலம், மாசிக்காய் முதலியன. 398-இல் வந்த சட்டமொன்று, படைக்கலம் செய்யும் தொழிலாளர் ஒளிந்தோடினால் கண்டுபிடிக்கும்படி அவர்கள் கையில் குறியிடச் சொன்னது. அதற்கு முன்பே பேரரசர் கான்ஸ்டன்டைன், தண்டனை பெற்றோரின் முகத்தில் குறி பொறிக்கக் கூடாது, முகம் வானக அழகின் சாயலில் அமைந்தது என்று தடுத்திருந்தார். கைகளிலும் கெண்டைக்காலிலும் பொறிக்கத் தடையில்லை! ஆக, அழியா மையைத் தேடியவன் பெரும்பாலும் ஆண்டை. ஓடிப்போவான் என்று அஞ்சுகிறவனுக்கே அது தேவைப்பட்டது.

பெரும்பாலும் என்கிறோம், எப்போதும் அன்று. பொஸ்னியா நாட்டுக் கத்தோலிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைகளிலும் விரல்களிலும் சிலுவையையும் வளைவுக் கோலங்களையும் குத்திக்கொண்டனர். கரியை, ஆண் குழந்தைக்குப் பாலூட்டும் தாயின் பாலில் குழைத்து மை செய்வார்கள். மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள், அதற்கு உகந்த நாள். துருக்கியர் ஆட்சியில் பெண்பிள்ளைகள் கவர்ந்து செல்லப்படாதிருக்கவும், சென்ற இடத்தில் தாம் யார் என்பதை மறவாதிருக்கவும் என்று அவர்கள் காரணம் சொல்வதுண்டு. வழக்கம் கிறித்தவத்துக்கும் முற்பட்டது என்பர் ஆய்வாளர் சிலர். எப்படியாயினும், அக்குறியை அவர்கள் கையில் இட்டவன் எந்த ஆண்டையும் அல்லன், தாயும் பாட்டியுமே.

படைவீரர் குறியைப் புனித அகுஸ்தினார் வேறுவிதமாகப் பயன்படுத்தினார். ஓடிப்போன வீரன் திரும்பி வந்தால் அவனுக்குப் புதுக்குறி இடுவதில்லை, பழையது இருக்கிறது. அதுபோலவே திருமுழுக்கும் மறுபடி தரப்படுவதில்லை என்றார். இக்கருத்தின் வழியில் திரெந்துப் பொதுச்சங்கம் 1547-இல், திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியா முத்திரை பதிக்கின்றன என வரையறுத்தது. குருமடத்தில் இதைப் பலமுறை மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆயினும் அந்தப் பட்டியலில் திருமணம் இல்லை என்பது அன்றுதான் நம் மனத்தில் உறைத்தது. திருமணப் பிணைப்பு சாவுவரை முறியாதது, ஐயமில்லை. ஆனால் முத்திரையாக ஒருமுறை பதிந்துவிடும் பொருளாகத் திருச்சபை அதைச் சொல்லவில்லை. இரண்டு பேர் நாள்தோறும் காக்க வேண்டியதாக அதை அவர்கள் கையிலேயே விட்டுவைத்திருக்கிறது.

மறுநாள் அந்தப் பெண்ணை வரச்சொல்லி அவர் கழுத்தில் இருந்த தாலிச் சரட்டைப் பற்றிக் கேட்டோம். மஞ்சள் கயிறு. மணநாளில் கட்டியதா? இல்லை, நைந்துவிட்டதால் இரண்டு முறை மாற்றியாயிற்று. அப்போது மாமியார் என்ன சொன்னார்? "அவங்கதான் சாமி செபம் சொல்லி மாத்திக் கட்டிவிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தாமே சற்று நேரம் பேசாதிருந்தார்.

எசாயா நூலில் ஆண்டவர் சீயோனைத் தம் உள்ளங்கைகளில் பொறித்திருப்பதாகச் சொல்லும் இடம் (49:16) நமக்குப் பழக்கமானது. திருநாள் மேடைகளில் அதைப் பற்றி நாமே பேசியிருக்கிறோம். மை நிற்கவே நிற்காத இடம் உள்ளங்கை என்பது தெரிந்த பிறகு அவ்வசனத்தை முன்போல் எளிதாகச் சொல்ல முடியவில்லை. அங்கு ஒரு பெயர் நிற்க வேண்டுமானால் எத்தனை முறை குத்தப்பட வேண்டும், எவ்வளவு வலிக்க வேண்டும்! தோமாவுக்குக் காட்டப்பட்ட கைகளும் நினைவுக்கு வருகின்றன.

சென்ற ஆண்டு பங்குத் திருநாளின்போது இருவரும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். அவர் விரலை நீட்டிக் காட்டினார். இப்போது எழுத்து இல்லை, விரலின் மேற்புறத்தில் தடித்த கருங்கோடு ஒன்று மட்டும். அதுவும் ஓரத்தில் மங்கத் தொடங்கியிருந்தது.

"தவக்காலத்துக்குள்ள மறுபடி போகணும் சாமி" என்றார்.

"நான்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை மாமியாரிடம் கொடுத்து அப்பம் வாங்கப் போனார் மனைவி.