பெட்டகமும் திறவுகோலும்

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. கர்நாடக நவாபின் ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்பர். 1751இல் சந்தா சாகிபின் தரப்பும் முகம்மது அலியின் தரப்பும், பிரெஞ்சு, ஆங்கிலப் படைகளின் துணையோடு இந்தப் பகுதியில் பொருதின. அந்த மதிலைக் காணக் கண் ஒன்றே போதும். இடையில் எந்தக் கருவியும் தேவையில்லை. நம் தலைமுறை விட்டுச் செல்லும் சுவடுகளோ அத்தகையன அல்ல.

1970களிலும் 80களிலும் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் பலர், கடிதத்துக்குப் பதிலாகத் தம் குரலையே ஒலிநாடாவில் பதிந்து அனுப்பினர். பின்னர் கணினி வந்தது. கணக்குகளும் கட்டுரைகளும் பிளாப்பித் தட்டுகளில் ஏறின. எட்டு அங்குலம், ஐந்தேகால், மூன்றரை என அவை அளவில் மாறி மாறி வந்தன. ஒன்றுக்குரிய கருவியில் மற்றொன்று நுழையாது. ஸோனி நிறுவனமும் 2011இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று பல வீடுகளில் நாடா இருக்கிறது, தட்டு இருக்கிறது. அவற்றைப் பேச வைக்கும் கருவி இல்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. அமானிதமாகக் கிடைத்த பொருளைப் பூட்டி வைத்திருப்பவர், அந்த அமானிதத்தை நிறைவேற்றியவர் ஆவாரா?

அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு ஒளி தருகிறது. 1966, 67ஆம் ஆண்டுகளில் ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைப் படம் பிடித்தன. படங்கள் காந்த நாடாக்களில் பதிவாயின. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எப்.ஆர். 900 என்ற பெருங்கருவிகள் பின்னாளில் வழக்கொழிந்தன. நான்சி எவன்ஸ் என்ற அம்மையார் அந்தப் பழங்கருவிகள் சிலவற்றைத் தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் பல ஆண்டுகள் காத்து வைத்தார். ஒரு கருவியின் உறுப்பை மற்றொன்றுக்கு மாற்றிப் பழுதுபார்த்து, 2008இல் முதற் படத்தை மீட்டெடுத்தார்கள். நிலவின் விளிம்பில் நம் பூமி தோன்றும் காட்சி அது. நாடாவைக் காத்தது பாதிப் பணி; கருவியைக் காத்தது மறுபாதி.

இந்த உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் வேண்டுகோளை ஏற்று, அபூபக்ர் (ரலி) அவர்கள் திருமறையைத் தொகுக்கும் பொறுப்பை ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பேரீச்ச மட்டைகளில் எழுதியதும் திரட்டப்பட்டது; நெஞ்சங்களில் இருந்ததும் திரட்டப்பட்டது. ஏடு வந்துவிட்டதே என்று மனனம் கைவிடப்படவில்லை. ஓதத் தெரிந்த நாவு தலைமுறைதோறும் தொடர்ந்தது. நம் அரபுத்தமிழ் ஏடுகளுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஏடுகள் எஞ்சியுள்ளன, தடையின்றிப் படிப்போர் அருகிவிட்டனர். அங்கே பழுதான கருவி, மனிதக் கண்ணே.

ஆகவே, காத்தல் என்பது பூட்டுதல் அன்று; அடுத்தவர் படிக்கும் நிலையில் கைமாற்றுதலே காத்தல். கருவி கிடைக்கும் இன்றே குரலைப் புதிய பதிவுக்கு மாற்ற வேண்டும். நாளை கருவி கிடைக்கலாம். ஈரம் பட்ட நாடாவின் காந்தப் பூச்சு அதுவரை காத்திராது.

எனினும் இன்னொரு கடமையும் உண்டு. மறைந்தவர் மனைவிக்கு மட்டும் சொன்ன சொல்லும் அந்த நாடாவில் இருக்கலாம். கடன்பட்ட செய்தியும் இருக்கலாம். மீட்கும் திறமை, ஊரறியப் பரப்பும் உரிமையைத் தந்துவிடாது. பிறர் குறையை மறைத்தல் நம் மார்க்கம் போற்றும் பண்பு. கடன் என்றால் வாரிசுகள் அறிந்து தீர்க்கட்டும். அந்தரங்கம் என்றால் உரியவரின் செவியோடு நிற்கட்டும்.

திறவுகோலைத் தேடுவது அறிவின் வேலை. திறந்தபின் எதைக் கேட்பது, எதைக் கேளாமல் மூடுவது என்று தெரிந்திருப்பது தக்வாவின் வேலை. இரண்டும் சேர்ந்த கையிலேதான் அமானிதம் பத்திரமாக இருக்கும்.