எடையும் நியாயமும்

முழங்கால் மூட்டுத் தேய்ந்து நடக்க மாட்டாத ஒருவர் வைத்தியரிடம் செல்கிறார். "முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு மூட்டை மாற்றுவோம்" என்ற பதில் கிடைக்கிறது. இது நியாயந்தானா என்பதை வணிகச் சகோதரர்களாகிய நாம் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இது நம் வீட்டுக் கேள்வியுமாகும். மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளோர் என 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. நம் முன்னோர் சோறும் கறியும் காவடித் தண்டில் சுமந்து, பினாங்கு வீதிகளில் நடந்து விற்றனர். அதே நாசி கண்டாரை நாம் இன்று கல்லாவில் அமர்ந்தபடி விற்கிறோம்.

வைத்தியர் பக்கத்திலும் காரணமுண்டு. மிகப் பருத்த உடம்பில் அறுவைப் புண் ஆறத் தாமதமாகும். கிருமி தொற்றும் அபாயமும் கூடும். தொற்றினால் பொருத்திய மூட்டையே கழற்ற நேரலாம். அன்றியும், உடம்பில் ஒரு பங்கு எடை குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு பங்கு குறைகிறதென 2005இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே எடையைக் குறையுங்கள் என்பது நல்லுபதேசமே.

ஆனால் உபதேசம் வேறு, நிபந்தனை வேறு. நடக்க முடியாதவரை நடந்து இளைத்து வா என்பது, முதலின்றிக் கடன் கேட்டு வந்தவரிடம் இலாபத்தைக் காட்டு என்பதை ஒக்கும்.

2016இல் இங்கிலாந்தின் யார்க் வட்டாரச் சுகாதார அமைப்பு, பருத்தவர்களுக்கு அவசரமற்ற அறுவைகளை ஓராண்டு வரை தள்ளிவைக்க முனைந்தபோது பலத்த கண்டனம் எழுந்தது. அமெரிக்காவின் மூட்டுநோய் வைத்தியர்களும் மூட்டு மாற்று நிபுணர்களும் 2023இல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையோ, இன்ன எடைக்கு இறங்கினால்தான் அறுவை என்று நோயாளியைக் காக்க வைக்க வேண்டாமென்கிறது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவரும் புகைப்பவரும் அதைச் சீர்செய்துகொள்ளும் வரை பொறுப்பது நலம் என்றும் அதுவே கூறுகிறது.

இவ்வேறுபாட்டில்தான் நீதி இருக்கிறது. காத்திருப்பதால் நோயாளிக்கே நன்மை விளையுமானால் அது வைத்தியம். வலி மட்டுமே நீளுமானால் அது தண்டனை.

"தானே தேடிக்கொண்ட நோய்க்குப் பொதுப் பணம் எதற்கு?" என்பாரும் உளர். பந்தாடி முழங்காலை முறித்துக்கொண்ட வாலிபரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லையே! உடற்பருமனில் பரம்பரைக்கும் பங்குண்டு, தொழிலுக்கும் பங்குண்டு. வலியால் நடை நின்ற பிறகு ஏறிய எடையும் உண்டு. இனிப்பும் எண்ணெயும் விற்றுப் பிழைக்கும் நாம், வாங்கி உண்டவரை மட்டும் குற்றவாளியாக்குவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே சகோதரர்களே, நாற்காலியில் அமர்ந்து தொழுபவரைப் பார்த்து அவர் உடம்பைப் பேச வேண்டாம். மூட்டு மாற்றிய பின்னும் மண்டியிட்டு அமர இயலாதோர் பலர். அறுவை தள்ளிவைக்கப்பட்டால், "இந்தக் காத்திருப்பில் எனக்கு என்ன நன்மை? அதுவரை வலிக்கும் எடைக்கும் என்ன உதவி கிடைக்கும்?" என்று வைத்தியரிடம் பணிவோடு கேளுங்கள். அவ்வாறு கேட்கத் தயங்கும் பெரியவர்களுக்குத் துணையாக, கடையை ஒரு வேளை பிறரிடம் ஒப்படைத்துவிட்டு உடன் செல்லுங்கள்.