‘இவர் அவரே’ என்பதற்கு யார் சாட்சி?

முன்பு கண்ட ஒருவரை மறுபடி கண்டதும் ‘இவர் அவரே’ என்று தெரிந்துவிடுகிறது. இந்தச் சிறு நிகழ்ச்சியின் மேல் இந்தியத் தத்துவத்தின் பெரிய வழக்கொன்று நின்றது. எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்ற பௌத்தரை மறுக்கச் சங்கரர் தம் பிரம்ம சூத்திர உரையில் இதையே சாட்சிக்கு அழைத்தார். அன்று கண்டவரும் இன்று நினைப்பவரும் ஒருவரல்ல என்றால் ‘அவரே’ என்று சொல்வது யார்? நியாயத் தத்துவ மரபினரான நையாயிகரும் இவ்வழியில் ஆன்மாவை நிறுவினர். வாதம் வலுவானதுதான். ஆனால் ஏதோ ஒன்று தொடர வேண்டும் என்பது ஒரு முடிவு, அது மாறாத ஆன்மா என்பது வேறொரு முடிவு. முதலாவதை உயிரணு ஆய்வு ஒப்புக்கொள்கிறது. இரண்டாவதை இந்த அனுபவத்தைக் கொண்டு நிறுவ முடியாது என்பதே என் துணிபு.

ஏப்ளிசியா என்னும் கடல் நத்தையில் நரம்பியலாளர் எரிக் கேண்டல் கண்டது இது: சில நிமிட நினைவுக்கு, நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில் ஏற்கெனவே உள்ள புரதங்கள் சற்று மாறினால் போதும். நாள்கணக்கில் தங்க வேண்டுமானால் செய்தி நரம்பணுவின் உட்கருவரை போக வேண்டும். அங்கே கிரெப் என்ற புரதம் மரபணுக்களை முடுக்க, புதிய புரதங்கள் உருவாகிப் புதிய சினாப்ஸ்கள் முளைக்கின்றன. அதன் பிறகும் எதுவும் உறைந்துவிடுவதில்லை. அந்தப் புரதங்கள் சிதைய, அவற்றின் இடத்தில் வேறு வந்து அமர்கின்றன. 2000இல் கரீம் நாடரும் சகாக்களும் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சப் பழக்கினர். மறுநாள் அந்த ஒலியை மட்டும் கேட்கச் செய்து, உடனே மூளையின் அமிக்டலா என்ற பகுதியில் புரத உற்பத்தியைத் தடுத்தனர். அடுத்த நாள் ஒலித்தபோது அச்சம் பெரிதும் குறைந்திருந்தது. இடையில் ஒலியைக் கேளாத எலிகளிடம் அதே மருந்து பலிக்கவில்லை. நினைவு ஒருமுறை எழுப்பப்பட்டால், நிலைக்க அதை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. முன் அனுபவம் விட்டுச்செல்லும் பதிவைப் பௌத்தர் ‘வாசனை’ என்றது இதற்கு அருகே வருகிறது. ஆனால் கணந்தோறும் முழு அழிவு என்ற அவர்கள் கொள்கைக்கும் இதில் ஆதரவில்லை: பெரும்பகுதி நின்றிருக்கும்போதுதான் சிறுபகுதி மாறுகிறது.

மூளை வெறும் கருவி, வீணை உடைந்ததால் வாசிப்பவர் இல்லை என்றாகுமா என்று ஆன்மாவை ஏற்போர் கேட்பார்கள். எளிதில் தள்ளக்கூடிய கேள்வியல்ல. ஹென்றி மொலைசனுக்கு 1953இல், வலிப்பு நோய்க்காக, மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன் பிறகு அவர், தம்மை ஆராய்ந்த பிரெண்டா மில்னரை, எத்தனை முறை வந்தாலும், புதியவராகவே பார்த்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்தது; அதை முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை. தம் பெயரும் இளமைக்காலமும் ‘நான்’ என்ற உணர்வும் மட்டும் அப்படியே இருந்தன. ‘நான்’ குலையாமல் இருக்க, புதிதாகச் சந்தித்தவரை ‘இவர் அவரே’ என்று அறிவது போய்விட்டது. கருவி போனதால் போயிற்று என்பதை ஏற்றுக்கொள்வோம். கருவிகளோடு கூடாத கேவல நிலையில் ஆன்மா எதையும் அறியாது என்று சைவ சித்தாந்தமே சொல்கிறது. அப்படியானால் அடையாளம் காண்பது கருவியில் ஏற்பட்ட மாற்றத்தைக் காட்டுமே தவிர, கருவிக்கு அப்பால் ஒருவர் இருப்பதைக் காட்டாது. இந்த மாற்றங்களோடு உணர்வு என்ற ஒன்று ஏன் சேர்ந்து வருகிறது என்பதற்கு உயிரணுக்கள் இன்னும் விடை தரவில்லை. ஆன்மாவுக்காக வாதாடுவோர் நினைவை விட்டு அந்தக் கேள்விக்கே தம் வழக்கைக் கொண்டுபோக வேண்டும்.