உறங்கும் யந்திரத்தின் பற்றறி

பூவரசங்குளத்தில் மின்தடைக்கென வாங்கி மூலையிலே நிறுத்திய மின்பிறப்பாக்கியாயினும், முல்லைத்தீவுக் கடலிற் செல்லும் படகொன்றின் யந்திரமாயினும், பாவனையின்றிக் கிடக்கும் காலத்திலேதான் அதனைக் கிளப்பும் பற்றறி அதிகம் க்ஷீணிக்கிறது என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. 1859 ஆம் ஆண்டில் பிரான்சிலே கஸ்தோன் பிளாந்தே ஆக்கிய ஈயப் பற்றறியின் சுபாவம் இன்றும் அதுவே: சும்மா இருந்தாலும் தன்னுள்ளேயே மின்னை இழந்து, தகடுகளின்மேல் ஈய சல்பேற்றுக் கெட்டிப்பட இடங்கொடுக்கும், வன்னியின் உஷ்ணம் அவ்விழப்பைத் துரிதப்படுத்தும். கிளப்பும் பற்றறியின் மெல்லிய தகடுகள் கணநேரத்திற் பெருமின் சொரியவே அமைந்தவையாதலால், அதிலே இரவு முழுதும் விளக்கெரிப்பது பந்தயக் குதிரையை ஏரிற் பூட்டுவதற்கு ஒப்பாகும். விளக்குக்கு வேறு பற்றறியே உசிதம். பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றறி ஓய்வில் ஏறக்குறைய 12.6 காட்டினால் நிறைவு, 12.4க்குக் கீழிறங்கினால் தாமதியாது மின்னேற்றுக. கட்டுப்படுத்தியோடு கூடிய சிறு சூரியப் படலொன்று இவ்வேலையைத் தானே செய்யும். மாதமொருமுறை ஐந்து நிமிஷம் யந்திரத்தை ஓட்டினாற் போதுமென்பாருண்டு. அதனால் மிஞ்சும் மின் அற்பமே.

1990க்குப் பின், யுத்தகாலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடையால் பற்றறிகள் வராதிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வன்னிச் சனங்களுக்கு மின்சிக்கனம் போதிப்பது அதிகப்பிரசங்கமாகும். ஆயினும் பற்றறியிற் கிணற்றுநீர் ஊற்றுவோர் மாத்திரம் அதனை நிறுத்துவார்களாக. அந்நீரின் உப்புக்கள் தகடுகளைக் கெடுக்குமாதலால், காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.