நுகர்ச்சியின் அளவுகோல்: சுங்கான் புகையிலைக் கலவை எழுப்பும் அறவினா

புலன்கள் தரும் இன்பத்தை நுணுகி அறிந்து, பயின்று, செம்மைப்படுத்திக்கொள்ளும் ஒருவர் அவ்வின்பத்தின் மீது ஆட்சி பெறுகிறாரா, அல்லது அதற்கு மேலும் ஆழமாக ஆட்படுகிறாரா என்பது அறவியலும் சமயச் சிந்தனையும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் வினாவாகும். உணவு, மது, நறுமணம் என எத்தனையோ பொருள்களை முன்னிட்டு இவ்வினா எழுப்பப்பட்டிருப்பினும், பைப் என்று பரவலாக அறியப்படும் சுங்கானில் இட்டுப் புகைப்பதற்காகப் புகையிலைகளைத் தேர்ந்து, கலந்து, சுவைக்கும் பொழுதுபோக்கில் அது மிகக் கூர்மையான வடிவம் பெறுகிறது. இப்பொழுதுபோக்கு ஒருபுறம் பொறுமையையும் கவனத்தையும் வேண்டிநிற்கும் உண்மையான கைத்திறனாக விளங்குகிறது. மறுபுறம், அத்திறன் கையாளும் இலையோ மனிதரைப் பிடித்துக்கொள்ளும் இயல்பையும் உடலைக் கெடுக்கும் இயல்பையும் ஒருங்கே உடையது. திறனின் சிறப்பைப் போற்றுவதற்காகப் பொருளின் தீமையை மறைப்பதும், தீமையைக் கண்டிப்பதற்காகத் திறனை இகழ்வதும் எளிது. இரண்டையும் ஒருசேர வைத்து எண்ணும்போதே வினாவின் முழுப் பரப்பும் புலப்படும்.

கலவைக்கு அடிப்படையாக அமையும் இலைகள் செடியின் வகையாலும் விளையும் மண்ணாலும், இவற்றினும் மேலாகப் பதப்படுத்தும் முறையாலும் வேறுபடுகின்றன. வெர்ஜீனியா என்பது, புகை படாமல் வெப்பக் காற்றை மட்டும் செலுத்தி உலர்த்தப்படுவதால் இயற்கைச் சர்க்கரை மிகுதியாகத் தங்கிய இலை. பர்லி என்பது, கொட்டகையில் வாரக்கணக்கில் காற்றாடத் தொங்கவிடப்படுவதால் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் நீங்கி, பிற மணங்களை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் தன்மை பெற்ற இலை. சிரியாவின் துறைமுக நகரொன்றின் பெயரால் வழங்குவதும், பின்னாளில் சைப்ரஸ் தீவில் உருவாக்கப்பட்டதுமான லட்டாக்கியா, மணமிக்க மரங்களும் செடிகளும் எரியும் புகையில் நெடுநாள் இருத்தப்பட்டுக் கருமையடைகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் எனும் சிறு வட்டாரத்திற்கே உரிய பெரிக், மரப்பீப்பாய்களில் பெரும் அழுத்தத்தின்கீழ்த் தன் சாற்றிலேயே நொதிக்கவைக்கப்பட்டு, இடையிடையே வெளியே எடுத்து உதறப்பட்டு, மீண்டும் அழுத்தப்பட்டு, உலர்பழத்தின் புளிப்பும் மிளகின் உறைப்பும் ஏறியதாகிறது.

இவற்றைக் கலப்பவர், வெர்ஜீனியாவின் இனிப்பை அடித்தளமாகக் கொண்டால் அதன் கூர்மையைத் தணிக்கப் பர்லியையும், ஆழம் கூட்டப் பெரிக்கைச் சிறிதளவும் நிறுத்துச் சேர்த்து, மூடிய சாடியில் வாரக்கணக்கில் வைத்து, இலைகளின் ஈரமும் மணமும் ஒன்றோடொன்று இணங்கிய பின்னரே சுவைத்துப் பார்க்கிறார். குறை தெரிந்தால் ஒரே வேளையில் ஓர் இலையின் அளவை மட்டும் மாற்றுகிறார், இரண்டை மாற்றினால் வேறுபாடு எதனால் விளைந்தது என்று அறிய முடியாது. புகைக்கும் முறையும் இத்தகையதே: கிண்ணத்தின் அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் இலையை நிரப்பி, முதல் நெருப்பில் துள்ளியெழும் இழைகளை மெல்ல அமுக்கி, மறுபடியும் பற்றவைத்து, கனல் அணையாத அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புகை சூடேறி நாக்கைச் சுட்டுவிடும், சுவையும் கெட்டுவிடும். இவ்வாறு அடக்கத்தைத் தன் செயல்முறையிலேயே கொண்டிருக்கும் நுகர்ச்சி, அடக்கமற்றவர்களின் நுகர்ச்சி எனும் குற்றச்சாட்டிலிருந்து தானே விலகி நிற்பதுபோலத் தோன்றுகிறது.

இத்தோற்றத்திற்கு வலுவான மெய்யியல் ஆதரவும் உண்டு. அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் தன்னடக்கம் எனும் பண்பை ஆராயும்போது, மதுவைச் சோதிப்பவரும் உணவுக்குச் சுவை சேர்ப்பவரும் செய்வது சுவைகளைப் பகுத்தறிதல் என்றும், அடக்கமின்மை என இகழப்படுவது அப்பகுத்தறிதலில் பிறவாமல், பொருள் உடலைத் தொட்டு உட்செல்லும்போது உண்டாகும் தீண்டல் இன்பத்திலேயே பிறக்கிறது என்றும் பிரித்துக் காட்டுகிறார். தன் தொண்டை கொக்கின் கழுத்தைவிட நீளமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெருந்தீனிக்காரன் ஒருவனை அவர் சான்றாக்குவதும், விழுங்கும் கணத்தை நீட்டிக்க விரும்புபவனுக்குச் சுவையை ஆராய்வதில் நாட்டமில்லை என்பதை உணர்த்துவதற்கே. இந்த அளவையால் நோக்கினால், ஒரு கலவையில் பெரிக் சற்றே மிகுந்திருப்பதையும் லட்டாக்கியா பிற மணங்களை அமிழ்த்திவிட்டதையும் பகுத்துணரும் கலவையாளரின் இன்பம், அறிதலோடு கூடிய இன்பமாகவே கொள்ளத்தக்கது.

ஆயினும் புகையிலையைப் பொறுத்தவரை இப்பிரிவினை நெடுந்தொலைவு செல்வதில்லை. மதுவைச் சோதிப்பவர் சுவையை அறிந்தபின் அதை உமிழ்ந்துவிடலாம். புகையிலையை எரித்தே சுவைக்க வேண்டியிருப்பதால், சுவை எந்தப் புகையில் வருகிறதோ அதே புகையில்தான் நிக்கோட்டினும் வருகிறது. சுருட்டுப் புகையைப் போலவே சுங்கான் புகையும் காரத்தன்மை மிக்கதாக அமைவதால், அதை நுரையீரலுக்குள் இழுக்காதவருக்கும் வாயின் மென்தோல் வழியே நிக்கோட்டின் குருதியில் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பழகிய மூளை அதை மீண்டும் கேட்கிறது. எனவே ஒரு கலவை நன்கு அமைந்தது என்று தீர்ப்பளிக்கும் நாவின் பின்னே, எந்தக் கலவையாயினும் சரி, புகை வேண்டும் என்று கேட்கும் உடலும் நிற்கிறது. இவ்விரண்டில் எது பேசுகிறது என்பதை நுகர்பவராலேயே உறுதியாகச் சொல்ல இயலாது. பற்று பெரும்பாலும் சுவையறிவின் குரலிலேயே பேசும் என்பதுதான் இங்குள்ள இடர்.

இவ்விடரைத் தெளிவாகக் காட்டும் செய்தியொன்று இம்மானுவேல் காண்ட்டின் வாழ்வில் உள்ளது. அறத்தின் சட்டத்தை மனிதப் பகுத்தறிவு வெளியிலிருந்து பெறாமல் தனக்குத்தானே இட்டுக்கொள்கிறது என்று நிறுவிய அம்மேதை, கோனிக்ஸ்பெர்க் நகரில் நாள்தோறும் அதிகாலை 5 மணிக்கு எழுந்து தேநீர் அருந்தி ஒரு சுங்கான் புகைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஒன்றுக்கு மேல் கூடாது என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நெறி. ஆண்டுகள் செல்லச் செல்ல அவரது சுங்கானின் கிண்ணம் பெரிதாகிக்கொண்டே போனதாக அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. விதியின் சொல்லில் மாற்றமில்லை, எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தது. விருப்பமோ விதியை மீறாமல் விதிக்குள்ளேயே தனக்கு இடத்தைப் பெருக்கிக்கொண்டது. ஒப்பற்ற மனவுறுதி படைத்த ஒருவருக்கே இது நேர்ந்தது எனில், நுகர்பவரே நுகர்ச்சிக்கு அளவு வகுக்கும்போது அந்த அளவு எத்துணை எளிதில் நெகிழக்கூடும் என்பதை அறிந்துகொள்ளலாம். நுகர்பவரே அளவு வகுக்கும் இந்நிலை கலவைக் கலையிலும் உண்டு. 1907ஆம் ஆண்டு லண்டனின் டியூக் தெருவில் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், ஒவ்வொரு வாடிக்கையாளரின் நாவுக்கும் ஏற்பத் தனித்தனிக் கலவை அமைத்து அதைப் பேரேட்டில் பதிந்துவைத்தது கலவைக் கலையின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கது. அக்கலையின் அளவுகோல் நுகர்பவரின் விருப்பத்திலேயே அடங்கியிருப்பதையும் அதே பேரேடு காட்டுகிறது.

சமயச் சிந்தனை இவ்வளவுகோலை நுகர்பவருக்கு வெளியே தேடுகிறது. 1874ஆம் ஆண்டு லண்டனில், பாப்டிஸ்ட் திருச்சபையின் புகழ்பெற்ற போதகரான சார்லஸ் ஸ்பர்ஜன், சிறு பழக்கங்களையும் துறக்க வேண்டும் என்று தம் ஆலயத்தில் விருந்தினர் ஒருவர் ஆற்றிய உரையை அடுத்து எழுந்து, அன்றிரவு கடவுளின் மகிமைக்கென்றே ஒரு சுருட்டுப் புகைக்கப்போவதாக அறிவித்தது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வலி தணிந்து, களைத்த மூளை ஆறி, உறக்கம் வாய்த்தபோது அதற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்தியதையே தாம் குறிப்பிட்டதாக அவர் பின்னர் விளக்கினார். அவர் வாதத்தின் அடியில் இருப்பது, தன்னளவில் நன்மையோ தீமையோ ஆகாமல் பயன்படுத்தும் முறையால் இரண்டில் ஒன்றாக மாறும் செயல்கள் உண்டு எனும் பழைய கிறித்தவக் கொள்கை. நன்றியுணர்வு இன்பத்தை நுகர்பவரிடமிருந்து விடுவித்துக் கொடுத்தவரை நோக்கித் திருப்புகிறது என்பதில் ஆழ்ந்த உண்மை உண்டு. ஆனால் புகையிலை நடுநிலைப் பொருள் எனும் எடுகோள் பின்னாளில் நிலைக்கவில்லை: சுங்கான் புகைத்தல் உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவரின் ஆலோசனைக் குழு 1964ஆம் ஆண்டு அறிக்கையிலேயே உறுதிசெய்தது, வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களோடும் அதற்குள்ள தொடர்பு பின்னர் தெளிவாயிற்று. அறியாமையில் செலுத்திய நன்றியை, அறிந்தபின்னும் அதே தூய்மையோடு செலுத்த முடியுமா என்று நம்பிக்கையாளர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

வினாவை இன்னும் அடியிலிருந்து நோக்குவதற்கு, புனித அகுஸ்தீன் வகுத்த இரு சொற்கள் துணைசெய்யும். ஒன்றை அதன்பொருட்டே பற்றிக்கொண்டு அதில் நிலைகொள்வதை அவர் துய்த்தல் என்றும், ஒன்றை வேறொரு மேலான நோக்கத்திற்கு வழியாகக் கொள்வதைப் பயன்கொள்ளல் என்றும் பிரித்தார். தாயகம் திரும்பும் வழிப்போக்கன் ஊர்தியின் சுகத்திலும் வழியின் அழகிலும் மயங்கித் தாயகத்தையே மறந்துவிடுவதுபோல, வழியாக வேண்டியது முடிவாகிவிடுவதே மனித விருப்பத்தின் கோணல் என்றார். இப்பார்வையில் எவ்வளவு நுகர்ந்தார், எவ்வளவு நயமாக நுகர்ந்தார் என்பவற்றைவிட, நுகர்ச்சி எதை நோக்கிச் செல்கிறது என்பதே முதன்மையானது.

கலவையே வழிபாடாக அமையும் மரபொன்று இக்கருத்துக்கு உயிருள்ள சான்றாக இருக்கிறது. வட அமெரிக்கச் சமவெளிகளின் லகோட்டா மக்கள் தங்கள் புனிதச் சுங்கானை வெண்ணிற எருமைக்கன்றுப் பெண் எனும் தெய்வத் தூதர் அளித்த கொடையாகக் கருதுகின்றனர். அதன் கிண்ணம் செந்நிறக் கல்லால் ஆனது; அக்கல் வெட்டப்படும் மின்னசோட்டாவின் பைப்ஸ்டோன் பகுதி 1937ஆம் ஆண்டு தேசிய நினைவிடமாக்கப்பட்டபோது, அங்குக் கல்லெடுக்கும் உரிமை பழங்குடியினருக்கே ஒதுக்கப்பட்டது. அக்கிண்ணத்தில் இடப்படும் கலவை செந்நிறக் கொம்புகளையுடைய குறுமரமொன்றின் உட்பட்டையைச் சீவி உலர்த்தியது. புகையிலை அதில் சிறிதளவே சேரும், சில வேளைகளில் சேராமலும் இருக்கும். ஒவ்வொரு சிட்டிகையும் ஒரு திசைக்கு உரியதாக வேண்டுதலுடன் இடப்பட்டு, புகை வேண்டுதலைச் சுமந்து மேலே செல்வதாக நம்பப்பட்டு, சுங்கான் கைமாறிக் கைமாறி வட்டமாகச் சுற்றிவருகிறது. இங்கும் இலைகளைத் தெரிந்தெடுத்தல் உண்டு, பக்குவம் உண்டு, கவனம் உண்டு. ஆனால் கலவையின் அளவைத் தீர்மானிப்பது எவருடைய நாவுமன்று, அது யாருக்குப் படைக்கப்படுகிறது என்பதே. எப்போது புகைக்கலாம், யாரோடு, எதன்பொருட்டு என்பனவும் தனி விருப்பத்திற்கு விடப்படவில்லை. இம்மரபின் வடிவத்தை மட்டும் எடுத்துத் தன் மாலைநேர இன்பத்திற்குச் சமயச் சாயம் பூசிக்கொள்வது அம்மக்களுக்கும் அச்சடங்குக்கும் இழைக்கும் அநீதியாகும். அதிலிருந்து கற்கவேண்டியது, அளவுகோல் நுகர்பவருக்குப் புறத்தே இருக்கவேண்டும் எனும் பாடமே.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், சுவையறிவு உண்மையான நன்மை என்பதும், ஆனால் அது விடுதலைக்குச் சான்றாகாது என்பதும் பெறப்படும். வெர்ஜீனியாவின் இனிப்பையும் பெரிக்கின் புளிப்பையும் பிரித்தறியும் கூர்மை மனித அறிவின் சிறு வெற்றிகளுள் ஒன்று. ஓர் இலையின் பின்னே உழவரும் பதப்படுத்துவோரும் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவுக்கு அது செலுத்தும் மரியாதையுமாகும். எனினும் ஒரு பற்று எவ்வளவு நேர்த்தியானதோ, அவ்வளவுக்கு அதைப் பற்று என்று அடையாளம் காண்பதும் கடினமாகிறது. கரடுமுரடான ஆசையை ஐயுறும் மனம், பண்பட்ட ஆசையை நம்பிவிடுகிறது. ஆகவே தன் நுகர்ச்சியை நேர்மையாக ஆராய விரும்பும் கலவையாளர், கலவை எவ்வளவு சிறந்தது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதைத் தொடாமலேயே அந்த அறிவையும் மகிழ்ச்சியையும் தம்மால் காத்துக்கொள்ள முடிகிறதா, தம் உடலும் தம்மைச் சார்ந்தோரும் அதற்குக் கொடுக்கும் விலையை ஏற்கத் தமக்கு உரிமை உண்டா என்றும் கேட்டாக வேண்டும். இவ்வினாக்களுக்கு ஆம் என்று சொல்ல இயலாதபோது சுங்கானைக் கீழே வைப்பதால் சுவையறிவு இழிவடைவதில்லை. தன்னைக் காட்டிலும் பெரிய ஓர் அளவுகோலை அது ஏற்றுக்கொள்கிறது, அந்த ஏற்பே பண்பட்ட சுவையின் நிறைவான தீர்ப்பாகும்.