தெரிந்துவிட்ட பிறகு

போன ஐப்பசியில் ஒரு போலரைஸ்டு கண்ணாடி வாங்கினேன். வெயிலுக்காக இல்லை, மீனுக்காக. முதுநகர் உப்பனாற்றங்கரையில் வளர்ந்தவன் நான். இப்போது வேலை கம்ப்யூட்டரோடு, ஊருக்கு வந்தால் மட்டும் தூண்டிலோடு.

தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. இந்தக் கண்ணாடி அந்த அதிர்வை மட்டும் தடுத்துவிடும். நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்த்தால் பளபளப்பு ஏறக்குறைய முழுதாக அணைந்து அடியில் இருப்பது தெரியும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் பழையபடி கண் கூசும்.

1921இல் ஐரோப்பாவிலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய சி. வி. ராமன் செய்ததும் இதைத்தான். ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, வானத்தின் பிம்பத்தை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அவர் பார்த்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் பார்த்த கதை வேறு.

மழை விட்ட ஒரு காலை. திருவதிகைப் பக்கம் கெடிலத்தின் ஓரம் தேங்கிய மடு. ஓரிடத்தில் தண்ணீர் லேசாகக் கொதிப்பது போலிருந்தது. அப்படிக் கொதித்தால் கீழே விரால் இருக்கும் என்று தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் தவளையை அங்கே வீசினால் பாய்ந்து கவ்வும். நானே அப்படி ரெண்டு பிடித்திருக்கிறேன்.

அன்று கண்ணாடி வழியே பார்த்தேன். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், ஒரே பந்தாக, மூச்சுக்கு மேலே வந்து வந்து போயின. கீழே ஒரு பெரிய விரால், நகராமல் நின்றது. அது தவளையைக் கவ்வுவது பசியால் இல்லை. குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிறது. அதைப் பிடித்தால் மற்ற மீன்கள் அந்தப் பந்தைத் தின்று தீர்த்துவிடும்.

வீச முடியவில்லை.

கண்ணாடி வாங்கும்போது எனக்கிருந்த சந்தேகம், இது மீனுக்குச் செய்யும் அநியாயமா என்பதுதான். நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ஆனால் முள்ளும் வலையும்கூட அப்படித்தானே? இப்போது உறுத்துவது வேறு. முன்பு பிடித்த அந்த ரெண்டும்கூட குஞ்சுக்குக் காவல் நின்றவைதான். தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம்தான். ஆனால் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஆபீஸில் பிரச்சினை வரும் என்று தெரிந்தே திறக்காமல் விடும் லாக் ஃபைல் மாதிரி.

கண்ணாடியை மாமாவிடம் கொடுத்தேன். உப்பனாற்றில் வீச்சுவலை போட்டுத்தான் அவர் குடும்பம் நடக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விரால் கதையைச் சொன்னேன்.

“எங்கப்பா ஏரிக்குப் போனாருன்னா குஞ்சு கட்டுன விரால தொட மாட்டாரு மாப்ள. அவருகிட்ட ஏது கண்ணாடி? தண்ணி கொதிச்சா அந்தாண்ட போயிடுவாரு.”

அதே கொதிப்பைப் பார்த்துத்தான் நான் வீசினேன், அவர் விலகினார்.

மீன் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்கிறவருக்கு இருந்த அந்தக் கணக்கு, பொழுதுபோக்குக்குப் போகிற எனக்கு வர ரெண்டாயிரம் ரூபாய் கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது. விலக்கிவிட்ட ஒரு மீனை வைத்து நான் பெருமைப்படவும் முடியாது. அன்று வெறுங்கையோடு திரும்பும் வழியில், முதுநகர் துறைமுகத்தில் ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். எப்போது, எப்படிப் பிடித்தது என்று கேட்கவில்லை. கண்ணாடி அப்போது சட்டைப் பையில் இருந்தது.