வாப்பாவின் கைவேலையைச் சரிபார்க்கலாமா?

பெற்றோருக்குச் செய்ய வேண்டிய மரியாதை பற்றி நம்மிடையே பேசப்பட்டவை ஏராளம். குத்பா மேடையிலும் பாடப்புத்தகத்திலும் மாணவர்களின் பேச்சுப் போட்டியிலும் அது குறைவின்றி ஒலிக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுகள் பெரும்பாலும் ஒரே வகையான உதாரணங்களையே எடுத்துக்கொள்கின்றன. முதுமையில் தாங்குவது, குரலை உயர்த்தாதிருப்பது, நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது. இவற்றில் எது சரி என்பதில் எவருக்கும் ஐயமில்லை, குறையெல்லாம் செய்வதில்தான். எது சரி என்பதிலேயே ஐயம் எழும் இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தகப்பன் தன் கையால் செய்த வேலையில் பிறர் உயிர் தங்கியிருக்கிறது. அதை மகன் இன்னொருவரைக் கொண்டு சரிபார்ப்பது மரியாதைக் குறைவா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2023ஆம் ஆண்டு நானும் வாப்பாவும் சேர்ந்து ஒரு பழைய மொறிஸ் மைனர் காரை வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பாவித்த ஜப்பான் கார்களின் விலைகூட ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. ஒரு வளவின் மாமர நிழலில் ஓடாமல் நின்ற அந்த மொறிஸ் மைனருக்குக் கேட்ட பணம், அன்று ஒரு புதிய மோட்டார் சைக்கிளுக்குக் கேட்ட பணத்திலும் குறைவு. தரைத் தகடு கறள் தின்றிருந்தது. எஞ்சின் சுழன்றது. "ஓட்டலாம் மகன், எடு" என்றார் வாப்பா.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடிவுக்கு வருமுன் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. நம் நாட்டில் டாக்டர்மாரும் பாடசாலை அதிபர்களும் முதலாளிமாரும் வைத்திருந்த கார் அது. வாப்பா தொழில் பழகிய காலமோ 1970களின் முற்பகுதி. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்ததால் புதுக்காரும் வராது, பழைய காருக்குப் பாகமும் வராது. உடைந்ததைப் பற்றவைத்தும், தேய்ந்ததைக் கடைந்தும், இல்லாததைத் தகட்டில் வெட்டியும்தான் அன்றைய கராஜ்கள் ஓடின. 1977க்குப் பின் ஜப்பான் கார்கள் வந்து நிறைந்த பிறகும் அந்தக் கைவேலை அழியவில்லை. 1990களில் இலங்கையில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் தகட்டுப் பாகங்கள் அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. அத்தகைய ஒரு தலைமுறையின் கைவேலைக்காரர் என் தகப்பன்.

ஏழு மாதம் பாடசாலை விட்ட பின்னேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் வேலை நடந்தது. தரைத் தகட்டை வெட்டிப் புதிது வைத்தோம். மின்கம்பிகளை மாற்றினோம். கடைசியாக மிஞ்சியது பிறேக்.

அதைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். மொறிஸ் மைனரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக்தான். பிரதான பம் சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழே மறைந்திருக்கிறது. அதிலிருந்து புறப்படும் குழாய்கள் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று என ஆறு சிறிய பம்களுக்குப் போகின்றன. ஒவ்வொரு பம்மின் உள்ளேயும் விரல் நுனியளவு றப்பர்த் துண்டுகள் உண்டு. பிறேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெய் கலந்தால் அந்த றப்பர் உப்பிக் கெட்டுவிடும். இக்காலக் கார்களில் குழாய்த் தொகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கும். இதில் ஒரே தொகுதி. எங்காவது ஒரு மூட்டுக் கசிந்து எண்ணெய் போனால் நான்கு சில்லிலும் பிறேக் இல்லை. மிஞ்சுவது பின் சில்லுகளைப் பிடிக்கும் கைப் பிறேக் மட்டுமே.

இந்த வேலை முழுவதையும் வாப்பா தனியே செய்தார். எழுபதைக் கடந்தவர். ஒரு கண்ணில் வெண்படலம் எடுத்திருந்தது. ஒரு வருடமாக வலக்கை இலேசாக நடுங்குகிறது. அவருடைய அறிவில் எனக்கு ஐயம் எழவில்லை. கண்ணும் கையும் அந்த அறிவுக்குக் கட்டுப்பட்டனவா என்பதில்தான் ஐயம் எழுந்தது.

சட்டம் எனக்கு உதவவில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் கார் ஒன்றுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் போதும். காரிலிருந்து என்ன புகை வருகிறது என்று அரசு கேட்கிறது. அது நிற்குமா என்று கேட்பதில்லை. ஆகவே அந்தக் கேள்வி சொந்தக்காரனின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஒரு மகன் தன் தகப்பனிடம் கேட்க வேண்டிய கேள்வியாயிற்று.

"வாப்பா, ரோட்டுக்கு எடுக்க முந்தி இன்னொரு பாஸிட்டக் காட்டுவமா?" என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பூட்டின பிறேக்க இன்னொருத்தனா வந்து பாக்கணும்?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அன்றிரவு சாப்பாட்டிலும் பேசவில்லை. உம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தீர்ப்பு இருந்தது.

அந்தத் தீர்ப்பின் நியாயத்தை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். தகப்பனின் கையைப் பிடித்து நடை பழகியவன், அந்தக் கையை அந்நியன் ஒருவனிடம் பரிசோதனைக்குக் கொடுக்கிறான். ஐம்பது வருடத் தொழிலுக்கு மேல் ஒருவருக்கு வேறென்ன சான்று வேண்டும்? சீன ஞானி கொன்பூசியஸ் பற்றி ஒரு செய்தி உண்டு. தகப்பன் ஆடு திருடியதற்கு மகனே சாட்சி சொன்னான், எங்கள் ஊரில் நேர்மை அத்தகையது என்று ஒருவர் அவரிடம் பெருமை பேசினார். எங்களூர் நேர்மை வேறு, அங்கே தகப்பன் மகனையும் மகன் தகப்பனையும் மறைப்பார்கள் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். குடும்பத்துள் சில கணக்குகளைப் பார்க்கக்கூடாது என்ற எண்ணம் மிகப் பழையது. அதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் ஆடு களவு போய் முடிந்த விடயம். மகன் வாய் மூடினாலும் திறந்தாலும் களவு நடந்தது நடந்ததுதான். பிறேக் இனி நடக்கப்போவது பற்றியது. அக்கரைப்பற்று - கல்முனை வீதியில் காலையில் போய்வருபவர்களுக்கு அதன் நெரிசல் தெரியும். பாடசாலைப் பிள்ளைகள், சைக்கிள்கள், முச்சக்கரவண்டிகள், திடீரெனக் குறுக்கே வரும் மாடுகள். அந்தப் பிள்ளைகளுள் ஒருவர்கூட என் வாப்பாவின் கையை நம்புவதாக எனக்கு வாக்குத் தரவில்லை. என் உயிரை நான் பாசத்தின் பேரில் பணயம் வைக்கலாம் என்று யாராவது வாதிட்டால்கூட, வீதியில் நடப்பவனின் உயிரை என் பாசக் கணக்கில் எழுத எனக்கு உரிமை இல்லை. அவன் உயிர் என்னிடம் உள்ள அமானிதம்.

இங்கே நம் மரபிலேயே வழிகாட்டல் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை அமர்த்துமாறும் குர்ஆன் பணிக்கிறது. விசுவாசிகளைப் பார்த்தே அது பேசுகிறது. எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்றால் அந்தக் கட்டளைக்குப் பொருளே இல்லை. இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (மறைவு: ஹிஜ்ரி 234) பற்றிய செய்தி இன்னும் நெருக்கமானது. அவருடைய தகப்பனும் ஹதீஸ் அறிவிப்பவர். அவரைப் பற்றி மகனிடம் கேட்டார்கள். வேறு ஆட்களிடம் கேளுங்கள் என்றார் மகன். விடாமல் கேட்டபோது, இது மார்க்க விடயம் என்று கூறி, தன் தகப்பனின் அறிவிப்பு பலவீனமானது என்று சொல்லிவிட்டார். அவர் முதலில் தயங்கியதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தயங்காமல் சொல்பவனுக்குத் தகப்பனின் அருமை தெரியாது. தயங்கிக்கொண்டே நின்றுவிடுபவனுக்கு அடுத்தவன் உரிமை தெரியாது.

என் தொழிலிலிருந்தும் ஒரு விடயம் சொல்லலாம். பொதுப் பரீட்சை விடைத்தாள்களை நாங்கள் திருத்துகிறோம். திருத்திய தாள்களில் சிலவற்றைப் பிரதம பரீட்சகர் எடுத்து மீண்டும் பார்க்கிறார். இருபது வருட அனுபவசாலியின் தாளும் அதற்கு விலக்கில்லை. எவரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் காணவில்லை. ஏனென்றால் அங்கே சரிபார்ப்பது வேலையின் ஒரு பகுதி. அதே ஆசிரியர், தன் மூன்று வயது மகன் சுவரில் கிறுக்கியதைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்கிறார். அதை எவரும் சரிபார்ப்பதில்லை. குழந்தையின் கிறுக்கலில் எதுவும் தங்கியிருக்கவில்லை.

இதுவே என் வாதத்தின் மையம். சரிபார்க்காமல் பாராட்டுவது நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சலுகை. முதியவர்களுக்கும் அதையே கொடுக்கத் தொடங்குகிறோம்; அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கிறோம். "வாப்பா செய்தார், அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு காரை மூலையில் நிறுத்தி வைப்பவன், அவருடைய வேலையை விளையாட்டாக்கிவிடுகிறான். அதை வீதிக்கு எடுக்க நினைப்பவன்தான் அது வேலை என்று ஏற்றுக்கொள்கிறான். வேலை என்றால் அதற்கு அளவுகோலும் உண்டு.

அவமரியாதைக்கு வேறொரு வாசல் இருக்கிறது. இரகசியமாகச் சரிபார்ப்பது. வாப்பா தொழுகைக்குப் போன நேரம் பார்த்துக் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருந்தால் வீட்டில் சண்டையே வந்திராது. நண்பர்கள் சிலர் அதையே புத்தி என்றார்கள். அது அவரை ஏமாற்றத்தக்க ஒருவராக நடத்துவது. முகத்துக்கு நேரே கேட்டால் வலிக்கும். ஆனால் பதில் சொல்லும் உரிமை அவரிடம் இருக்கும்.

மூன்றாம் நாள் வாப்பாவே சொன்னார்: "கூட்டிக்கு வா. நானும் நிக்கிறன்." வந்த பாஸ் வயதில் இளையவர். மிதியை அழுத்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் இருந்து, அது இறங்குகிறதா என்று பார்த்தார். நான்கு டிரம்மையும் கழற்றினார். மூட்டு மூட்டாக விரலால் தடவி ஈரம் தேடினார். ஒரு குறையும் இல்லை.

"இப்ப சரிதானே?" என்றார் வாப்பா. அதில் வெற்றியும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

குறை இல்லை என்று தெரிந்துவிட்டதால் அந்த வருத்தம் வீண் என்று ஆகுமா? சிலர் அப்படிக் கேட்டார்கள். பிழை அகப்பட்டிருந்தால் என்னைப் புகழ்ந்திருப்பார்கள். ஒரு செயலின் நியாயம் அதன் முடிவில் இருக்கிறது என்று கொண்டால், கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதே பிள்ளை விழுந்த பிறகுதான் நியாயமாகும். கேட்க வேண்டிய நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது அந்தக் கண்ணும் கையும் மட்டுமே. அதைக் கொண்டுதான் என் செயலை எடை போட வேண்டும்.

எனினும் ஒன்றை மறைக்க முடியாது. கடமையைச் செய்துவிட்டால் மனம் நோகாது என்று நினைப்பது பிழை. செய்தது சரி, அதனால் ஒருவர் மனம் நொந்தது. இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. நியாயத்தைக் காட்டி அந்த நோவை இல்லாமலாக்க முடியாது. பக்கத்திலிருந்து, பேசி, அடுத்த வேலைக்கும் அவரையே கூப்பிட்டு, மெல்ல மெல்லத்தான் ஆற்றலாம்.

நாற்பதுகளில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் இப்போது நடுவில் நிற்கிறோம். மேலே நம் பெற்றோரின் கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. கீழே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். இன்னும் சில வருடங்களில் நாம் கூட்டிய கணக்கை அவர்கள் ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள். நாம் எழுதிய கடிதத்தைத் தபாலில் போடுமுன் வாசித்துப் பார்ப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளும் முகத்தை இன்றைக்கே பழகிக்கொள்வது நல்லது.